திரையில் காலியாகக் கிடந்த மூலை

எபோவின் இரத்தத்தில் உதவி அணு ஒன்றுகூட இல்லை. திரையில் அவை மேகம்போலக் கூடவேண்டிய மேல்மூலை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

மெல்பர்னின் அந்த ஆய்வுக்கூடத்தில் இரத்த அணுக்களை எண்ண உதவும் மருந்தின் புதுக் குப்பி வந்தால், அங்கே வேலை செய்பவர்களே இரத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். நேற்று ஷார்லீன். இன்று எபோ.

சிடி-4 என்ற புரதத்தை மேலே அணிந்த இந்த உதவி வெள்ளணுக்கள்தான் உடம்பின் மற்றப் படைகளைக் கூப்பிடுகின்றன. அவை இல்லையென்றால் திருடன் வாசலில் நின்றாலும் கத்த ஆளில்லை. குப்பியில் இருக்கும் மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஒளிரும், கருவி எண்ணும். எபோ மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். மூன்று முறையும் பூஜ்யம்.

"தள்ளி நில்லு," என்றான் ஷார்லீனிடம்.

"ஏன்டா, குளிக்கலையா?"

"எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல."

"நேத்து தரையில விழுந்த கேக்கை எடுத்துத் தின்னியே, மச்சான்."

"அதான் கடைசி கேக்."

முகக்கவசம் இரண்டு மாட்டினான். கையுறை மூன்று. அம்மாவுக்குப் போன் செய்தான். சனிக்கிழமை தங்கையின் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. அவள் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியவன் அவன்தான்.

"வர முடியாதும்மா. ஒருத்தர் தும்மினா நான் போயிடுவேன்."

"நாலு வயசுல நாய்த் தட்டுல சாப்பிட்டவன் நீ. வாந்தி எடுத்தது நாய்தான். ஒழுங்கா வந்து சேரு." வைத்துவிட்டாள்.

தலைவி ப்ரான்வின் தேநீரோடு வந்தபோது, அவன் சுத்தக் காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன கண்ணு, தலை காய வைக்கிறியா?"

சொன்னான். அவள் பழைய குப்பியை எடுத்து, அவன் இரத்தத்தில் இரண்டு சொட்டு விட்டாள். அரைமணி நேரம் அவன் தன் நாடியைப் பிடித்தபடி இருந்தான்.

திரையின் மேல்மூலையில் கூட்டம் அலைமோதியது.

"குப்பிக்குக் குப்பி பிடிக்கிற இடம் வேற," என்றாள் ப்ரான்வின். "புதுசு பிடிக்கிற இடம் உன் புரதத்துல கொஞ்சம் வேற மாதிரி. பொறந்ததுலேருந்தே. அம்மா அப்பா ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்தது. உனக்கு ஒரு குறையும் இல்ல. குப்பிக்குத்தான் உன்னைத் தெரியல."

எபோ கவசங்களைக் கழற்றி நன்றாக ஒருமுறை மூச்சு விட்டான். ப்ரான்வின் நகரவில்லை. வாடகை வீட்டுத் தோட்டத்தில் புதையல் கண்டவள்போல் அவனைப் பார்த்தாள்.

"புதுக் குப்பிகளைச் சரிபார்க்க இந்த மாதிரி ரத்தம் எங்க கிடைக்கும்னு எவ்வளவு நாளா தேடுறேன் தெரியுமா?"

ஷார்லீன் ஏற்கெனவே ஊசியோடு நின்றாள்.

"சனிக்கிழமை கல்யாணம்," என்றான் எபோ. "கை கன்னிப்போயிருக்கக் கூடாது."

"கோட்டு போடுவியா?" என்றாள் ஷார்லீன்.

யோசித்தான்.

"ரெண்டு குழாய்தான். அதுக்கு மேல கேக்காத," என்று இடது கையை மேசைமேல் வைத்தான்.

அவள் எட்டு குழாய் எடுத்தாள்.