ஈயம் இருபத்திரண்டு

கடற்கரை அம்மன் கோயிலின் பெரிய மணி ஒல்லாந்தர் தேவாலயத்திலிருந்து வந்தது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இராசநாயகம் ஒருவரே. ஊர் சிரித்தது.

இவ்வாண்டு அத்தேவாலயத்தின் இடிபாட்டை அகழ்ந்தபோது மணித்துண்டொன்று கிடைத்தது. அதனோடு ஒப்பிடுவதற்காக, அவரிடம் படித்த இரசாயன ஆய்வாளர் தர்சிகா கோயில் மணியிலும் சிறிது சுரண்டிச் சென்றாள். மணியில் ஏற்கெனவே கீறல் விழுந்திருந்தது. வைத்திருப்பதா, உருக்கி வார்ப்பதா என்பதை ஆய்வு முடிவு கண்டு தீர்மானிப்பதாகக் கோயிற்சபை வாக்களித்தது.

கோயில் மணி பற்றிய முதல் அறிக்கையின் தமிழைத் திருத்தித் தருமாறு தர்சிகா அவருக்கே அனுப்பினாள். "செம்பு எழுபத்தேழு வீதம், டின் இருபத்திரண்டு வீதம்."

சந்திப்பிழைகளைத் திருத்திவந்த பேனை 'டின்'னில் நின்றது. இதென்ன, மீன் அடைத்து விற்கும் டின்னா? சினத்தோடு வெட்டினார். தகரம் என்றால் கூரைதான் நினைவுக்கு வரும். பாத்திரத்துக்கு ஊரார் பூசுவது ஈயந்தானே? ஈயம் என்றே எழுதிப் புதுப்பிரதியைச் சபைத் தலைவர் சீவரத்தினத்திடம் கொடுத்துவிட்டு, கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனார்.

மூன்று கிழமை கழித்துத் திரும்பியபோது மணிக்கூண்டு வெறுமையாக இருந்தது.

"மாஸ்ரர், உங்கடை ஒல்லாந்தன் நல்லாய்ப் பேய்க்காட்டி ஏமாத்தியிருக்கிறான்!" படகுக்காரரான சீவரத்தினம் சிரித்தார். "வலைக்குக் கட்டுற ஈயத்தையெல்லோ மணிக்குள்ளை விட்டிருக்கிறான்! பிறகு மணி வெடிக்காமல் விடுமோ? பழைய குத்துவிளக்குகளோடை சேர்த்து உருக்கியாச்சு."

"நான் எழுதினது பூசுற ஈயமெல்லோ!"

"கடற்கரையிலை ஈயம் எண்டால் ஒண்டுதான், மாஸ்ரர்."

மறுநாள் தர்சிகா முகமெல்லாம் மலர வந்தாள்.

"சேர், தேவாலயத்துத் துண்டிலையும் அதே இருபத்திரண்டு வீத டின்! ஆனால் ஒரே வார்ப்பு எண்டு உறுதியாய்ச் சொல்ல, மணியிலை இன்னொருக்கால் சுரண்ட வேணும்."

"முதல் சுரண்டினதிலை மிச்சம் இல்லையோ?"

"அது அமிலத்திலை கரைச்சாச்சே, சேர்."

அவர் நடந்ததைச் சொல்லி, தாம் திருத்திய தாளை மேசையில் விரித்தார். சிவப்புக் கோட்டின் கீழே 'டின்' தெளிவாகத் தெரிந்தது. அவள் அச்சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

"வெள்ளீயம் எண்டு போட்டிருக்கலாமே, சேர்?"

வெண்மை கூட்டல் ஈயம், வெள்ளீயம். பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு அவளுடைய வகுப்பில் அவர் கரும்பலகையில் எழுதிக்காட்டிய எடுத்துக்காட்டு அது.

"ஓம் பிள்ளை," என்றார்.