அரைஞாண் கயிற்றுச் சாவி

கஜபதியை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது இரக்கப்பட்டு அல்ல. தெரு அப்படித்தான் நினைத்துக்கொண்டது. “ஷோபனாவுக்கு எவ்ளோ நல்ல மனசு பாரு” என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது ஆட்டோவில் ஏறும்போதே காதில் விழுந்தது. நல்ல மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த ஆள் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் போல் இருந்தது, ஏறிவிட்டேன்.

பட்டாபிராமில் எங்கள் நகருக்குச் சங்கச் செயலாளர் அவர்தான். லாரி வந்து ரோட்டைக் கெடுக்கிறது என்று தெருமுனையில் இரண்டு தூண் நட்டு, குறுக்கே இரும்புக் கம்பி போட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்துப் பூட்டியவர். காரும் ஆட்டோவும் அடியில் நுழைந்துவிடும். அதைவிட உயரமாக எது வந்தாலும் செயலாளர் மனசு வைக்க வேண்டும். என் கணவர் லட்சுமணன் ஆவடி ஃபாக்டரியில் யூனியன் கூட்டங்களில் பேசிப் பழகியவர். சங்கக் கூட்டத்தில் எழுந்து, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அத்தனை பேர் நடுவில் கஜபதி கூட்ட நோட்டை மூடிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த மழைக்காலத்திலேயே என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ எதுவும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது. ஸ்ட்ரெச்சரைத் தண்ணீரில் தள்ள முடியாது, கம்பியைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார்கள். நான் நனைந்துகொண்டே கஜபதி வாசலில் போய் நின்று கெஞ்சினேன். கைலியும் பனியனுமாக வெளியே வந்தார்.

“சாவி எங்கையில இல்லமா. பொருளாளர் எடுத்துகினு ஊருக்குப் பூட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்?”

கடைசியில் பக்கத்துத் தெரு ஆட்கள் வந்து என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள், இதே ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில். அடுத்த கோடை வரைக்கும் உயிரோடு இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கண்ணால்தான் கேட்டார். பொருளாளரும் பிறகு இறந்துவிட்டார். கஜபதி சொன்னது உண்மையா பொய்யா என்று கேட்க எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

இன்றைக்குக் காலையில் நான் பால் வாங்க வெளியே வந்தபோது கஜபதி கம்பியடியில் நின்று ஒரு தண்ணீர் லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். லாரி பின்னால் எடுத்துக்கொண்டு போனது. இவர் அங்கேயே சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என் கணவர் முகத்தில் பார்த்த அதே கோணல், நான் மறந்திருந்தால்தானே. அவர் மனைவி பத்மா வேலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் போட்ட சத்தத்தில்தான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். ஆட்டோக்கார பரத்தும் நானுமாக ஏற்றிக்கொண்டு வந்தோம்.

“அக்கா, இங்க வண்டிய நிறுத்த உடமாட்டான். நீ பாத்துக்கோ, நான் கெளம்பறேன்” என்று பரத் போய்விட்டான். நோயாளியோடு ஒருவருக்குத்தான் அனுமதி என்று செக்யூரிட்டி எல்லோரையும் தள்ளிக்கொண்டிருந்தான். நான் இருக்கேன் என்றேன். உள்ளே விட்டான்.

உள்ளே படுக்கை போதவில்லை. பைபாஸில் பைக்கோடு விழுந்த பையன் காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். ஒரு பெரியம்மாவுக்கு நாற்காலியிலேயே டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கஜபதிக்கு மூலையில் ஒரு டிராலி கிடைத்தது. வலது கை துணிபோல் தொங்கியது. வாயிலிருந்து குழறல்தான் வந்தது. நான் தலைமாட்டில் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது.

ஸ்கேனுக்குப் போகும் முன் நர்ஸ் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றினாள். வேட்டியைத் தளர்த்தியவள், “இடுப்புல என்னங்க இது?” என்று கத்தரியை எடுத்தாள். அழுக்கேறிய அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி. அது கிடந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. “வருஷக்கணக்கா அவுக்கவே இல்ல போல” என்று சொல்லி, கயிற்றோடு என் கையில் கொடுத்தாள். சாவியின் தலையில் பச்சைப் பெயிண்ட்.

நான் அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கஜபதி பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்து டிராலியை மூலைக்கே திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே டாக்டர் அதீபா வேகமாக வந்தாள். சின்னப் பெண், காலையிலிருந்து உட்காரக்கூட இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான். ஊசி போடலாம். ஆனா எப்ப வந்துச்சுன்னு உறுதியாத் தெரியணும். அவங்க வீட்டம்மாகிட்ட பேசினேன், நேத்து ராத்திரி ஃபோன்ல பேசினதோட சரிங்கறாங்க. ராத்திரியே வந்திருந்தா இப்ப போடக் கூடாது. காலையில இவர் நல்லா இருந்ததை யாராவது பாத்தாங்களா?”

லாரிக்காரன் எங்கோ போய்விட்டான், பார்த்தவள் நான் ஒருத்திதான். பொய்கூட வேண்டாம், சும்மா நின்றால் போதும். அவரும் கோடை வரைக்கும் கிடக்கட்டும், தண்ணீரைக் கண்ணால் கேட்கட்டும் என்று மனம் துள்ளியது. கஜபதியின் கண் திறந்திருந்தது. அது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் வாசலில் நின்றபோது அவர் வாயை அப்படித்தான் பார்த்தேன்.

“அம்மா, உங்களத்தான் கேக்கறேன். ஒவ்வொரு நிமிஷமும் போய்க்கிட்டிருக்கு.”

நான் சாவியைப் பார்த்தேன். இன்றைக்கு அது அவர் இடுப்பில் இருந்தது, சரி. அந்த மழை நாளில் எங்கே இருந்தது? இடுப்பில் தோல் காய்த்திருப்பது எதைக் காட்டினாலும், நாளைக்கு இல்லை என்று சாதித்துவிடலாம். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. அது இப்போது கோணிக்கொண்டு எச்சில் வடித்துக்கிடந்தது. இதை நான் ஊமையாக விட்டால் என் புருஷனுக்கு யார் பதில் சொல்வார்கள்?

“நான் பாத்தேன். பால்காரன் வந்த நேரம், காலையில ஆறரை இருக்கும். லாரிக்காரனத் திட்டிக்கிட்டு இருந்தார், என் கண்ணு முன்னாடிதான் சரிஞ்சார். போடுங்க டாக்டர். இவர் பேசணும்.”

ஊசி ஏறியது. நான் நகரவில்லை. சாப்பிடவும் போகவில்லை. பொழுது சாயும் நேரம் வலது கை விரல் அசைந்தது. குழறல் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தையானது. அதீபா வந்து பெயர் கேட்டாள், சொன்னார். “உங்களாலதான்மா” என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பத்மா வேலூரிலிருந்து ஓடிவந்து சேர்ந்தாள். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். என் கணவர் படுத்திருந்த நாளெல்லாம் ரசம் வடிகட்டிக் கொண்டுவந்து தந்தவள் இவள். கம்பி திறக்காமல் போனதற்குப் பொருளாளரைச் சபித்தவளும் இவள்தான். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கையை விடுவித்துக்கொண்டு டிராலியின் அந்தப் பக்கம் போய் நின்றேன். கயிற்றைப் பிடித்துச் சாவியை அவர் கண்ணெதிரே தொங்கவிட்டேன்.

“ஆம்புலன்ஸ் வந்து நின்ன அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?”

கஜபதி பத்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எங்... எங்கிட்டதான். இடுப்புல.” மூச்சு வாங்கியது. “கூட்டத்துல... கேட்டாரே... அந்தக் கோவம்.”

பத்மாவின் அழுகை அப்படியே நின்றது. டிராலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

“இன்னொரு தடவை சொல்லுங்க. பத்மாவுக்குச் சரியாக் கேக்கல.”