இருபத்தொன்றுக்குப் பின் இருபது

புத்தகம் கட்டுகிறவர்களுக்குக் கதையை ஒழுங்காகப் படிக்கும் கொடுப்பினை கிடையாது. பெரிய தாளில் பதினாறு பக்கங்கள் அச்சாகி, மடிந்து, ஒரு சின்னக் கட்டாக எங்களிடம் வரும். அதை ஃபாரம் என்போம். இருபத்து நாலு ஃபாரம் சேர்ந்தால் கைக்கு அடங்காத ஒரு நாவல். நீள மேஜையில் அவற்றை ஒன்று, இரண்டு என்று அடுக்கி வைத்திருப்போம். நான் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே அடுக்குக்கு ஒன்றாக எடுத்துச் சேர்ப்பேன். பத்தொன்பது வருடமாக நடக்கிறேன். இப்படிச் சுற்றாமல் நேராக நடந்திருந்தால் இந்நேரம் தேசம் தாண்டியிருப்பேன்.

நடக்கும்போது கண் சும்மா இருக்குமா? ஏழில் ஒரு வரி, பதினாறில் ஒரு வரி என்று பொறுக்கிப் பொறுக்கிப் படித்துவிடுவேன். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகுதான் செத்தது யாரென்று தெரியும். ஊர் பேசுவதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் பட்டறையில் அந்தக் கதையைப் பற்றிச் சண்டை நடந்து முடிந்திருக்கும்.

‘உப்புக் கதவு’ மூன்றாம் பாகம் வந்தபோதும் அப்படித்தான். மலைமேல் ஒரு கதவு. திறந்தால் கடல் முழுவதும் ஊருக்குள் வந்துவிடும். அதைக் காக்கிறவன் பெயர் தாழன். பார்வை பாதிதான், ஆனால் வாய் மட்டும் முழுசு. பறக்கத் தெரிந்தும் பயந்துபோய் நடந்தே திரிகிற இறகி என்ற பெண்தான் கதாநாயகி. ஆனால் யாரைக் கேட்டாலும் தாழன் பக்கம்தான் பேசுவார்கள்.

எங்கள் பசைக்காரருக்கு மட்டும் அவனைப் பிடிக்காது. “இவ்வளவு ஜோக் அடிக்கிறவன் நல்லவனா இருக்க மாட்டான்மா. கதவைத் திறந்துவிடப் போறதே இவன்தான். இருபதுலயோ இருபத்தொண்ணுலயோ வரும் பாருங்க” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தாழனைத் துரோகி என்று சொல்ல இவர் யார்? அந்த இரண்டு அடுக்கிலும் நாற்பது நாற்பதுதான் மிச்சம் இருந்தது. இரண்டையும் அள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னலுக்குப் போனேன். மேலே இருந்தது இருபத்தொன்று. நின்றபடியே படித்தேன். தாழன் துரோகி இல்லை. கதவு உடையப் போகும் நேரத்தில் தன் முதுகை முட்டுக் கொடுத்து நின்று செத்துப் போகிறான்.

“சந்தோஷமா? செத்துட்டான்” என்று பசைக்காரரிடம் கத்தினேன். இருபதைப் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. இரண்டு அடுக்கையும் மேஜையில் போட்டுவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு உண்டு. ஒன்றில் மேலே இருக்கும், அடுத்ததில் சற்றுக் கீழே. வரிசையாகச் சேர்த்தால் அந்தக் கோடுகள் முதுகில் மாடிப்படி மாதிரி இறங்கும். ஒரு படி இடறினாலும் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கண்ணுக்குப் படி தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. அன்றைக்கு அந்த நாற்பது புத்தகங்களுக்கும் நான் படியைப் பார்க்கவில்லை. தாழனுக்காக அழுதுகொண்டிருந்தேன்.

கட்டி முடித்ததும் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி தருவது முதலாளியின் வழக்கம். அந்த நாற்பதில் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையிடம் கொடுத்தேன்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதற்குப் பதினோரு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர், நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போவாள், வருவாள், தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

‘உப்புக் கதவு’ முதல் இரண்டு பாகத்தையும் அவளுக்கு அவர்தான் உரக்கப் படித்துக் காட்டினார். தாழன் பேசும் இடம் வந்தால் குரலை மாற்றிப் பேசுவார். மூன்றாம் பாகத்தில் தாழனைக் கொன்றால் புத்தகத்தை லிஃப்ட் குழிக்குள் போட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் பாகம் வரும்போது அவர் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் நான் எப்படி அந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன் என்று கேட்கலாம். எப்படியும் அவள் வாங்கிப் படிக்கத்தான் போகிறாள், வேறு எங்கோ உட்கார்ந்து படிப்பதைவிட என் பக்கத்தில் இருந்து படிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பதினோரு மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான் கதவருகே போய் நின்றேனே தவிர, உள்ளே போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து அவளே அடுப்படிக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“அக்கா, அவன் சாகல. உக்காந்து வெங்காயம் நறுக்குறான். கண்ணு தெரியாம விரலையும் சேத்து நறுக்கிட்டு இறகியைத் திட்டுறான்.”

செத்தவன் எப்படி வந்தான் என்று ஒரு நொடி இடித்தது. மாயாஜாலக் கதைதானே, எழுத்தாளர் எழுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். அதற்குமேல் கேள்வி கேட்க நான் என்ன பைத்தியமா?

அன்றையிலிருந்து வீடு மாறியது. அந்த வெங்காய அத்தியாயத்தை எனக்குப் படித்துக் காட்டினாள், அவர் குரலிலேயே. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறு மாலை கூடும் வாசகர் வட்டத்துக்கும் போக ஆரம்பித்தாள். திரும்பி வந்ததும் அங்கே நடந்த கூத்தையெல்லாம் சொல்வாள். வங்கி வாட்ச்மேன் ஒருவர், நர்ஸ் ஒருத்தி, டியூஷன் வாத்தியார் ஒருவர், இன்னும் ஏழெட்டுப் பேர். தாழன் சாவதும் விளக்கமே இல்லாமல் திரும்பி வருவதும் நாவலிலேயே உச்சம் என்பது வாட்ச்மேனின் கட்சி. அந்தக் கதவுக்குப் பின்னால் காலமே மடிந்து கிடக்கிறது என்று நாவலாசிரியருக்கு நாலு பக்கம் கடிதம் போட்டிருந்தார். தினமும் சாவைப் பார்க்கிற எனக்கு இந்த ஒரு ஆளாவது திரும்பி வந்தது போதும் என்றாளாம் நர்ஸ். டியூஷன் வாத்தியார் மட்டும், அவன் எங்கே திரும்பி வந்தான், செத்தது செத்ததுதான், நீங்களெல்லாம் எந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள் என்று கத்தினாராம். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று தங்கையும் நர்ஸும் சேர்ந்து அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள்.

அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் குளிக்கப் போன நேரம் புத்தகத்தை எடுத்துப் பக்க எண்களைப் பார்த்தேன். முந்நூற்று நாலுக்கு அடுத்தது முந்நூற்று இருபத்தொன்று. சாவு அங்கேதான் இருந்தது. முந்நூற்று முப்பத்தாறில் அவன் செத்து முடிந்ததும் அடுத்த பக்கம் முந்நூற்று ஐந்து, வெங்காயம். என் கெட்ட நேரம், அந்த இரண்டு அத்தியாயமும் ஆளுக்கொரு ஃபாரத்தில் பிசிறில்லாமல் அடங்கியிருந்தன. வாக்கியம் பாதியில் அறுந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். மிச்சமிருந்த மூன்று ஃபாரத்திலும் தாழன் பேச்சே இல்லை. போனவர்களைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அந்த நாவலாசிரியருக்குக் கிடையாது.

சொல்லிவிடலாமா என்று பத்து தடவை வாயெடுத்தேன். அவள் தாழன் குரலில் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

நான் மூடினால் ஆயிற்றா? அந்த வாரமே புத்தகக் கடைக்காரர் ஒரு பிரதியோடு பட்டறைக்கு வந்துவிட்டார். டியூஷன் வாத்தியார் தன் நல்ல பிரதியைக் கடை மேஜையில் அடித்துக் காட்ட, கடைக்காரர் விற்காமல் இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். முதலாளி புத்தகத்தைப் புரட்டினார், பக்க எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “நீயா?” என்று மட்டும் கேட்டார். பசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பசையைக் கலக்கு கலக்கென்று கலக்கினார்.

கடைக்குப் போனது முப்பத்தொன்பது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கி நல்ல பிரதி கொடுக்க வேண்டும் என்று முடிவானது. வாசகர் வட்டத்துக்கு நானே நேரில் போய்ச் செய்த தப்பைச் சொல்லி மாற்றித் தர வேண்டும் என்றார் முதலாளி. அதாவது ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை முன்னால். அத்தனை பேர் நடுவில் அவளுக்குத் தெரிவதைவிட வீட்டிலேயே தெரியட்டும் என்று சனிக்கிழமை மாலை அவளை உட்கார வைத்துச் சொன்னேன். ஜன்னலுக்குப் போனது, அழுதது, அடுக்கை மாற்றி வைத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்போ அவன் செத்துட்டானா?”

“ஆமாம்மா.”

“வெங்காயம் நறுக்குனது?”

“அது அதுக்கு முந்தின நாள்.”

புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். முதுகு விட்டு, தையல் அறுந்து, ஃபாரங்கள் கட்டிலுக்கடியில் எல்லாம் சிதறின. “ரெண்டு தடவை சாகடிச்சிட்டே அக்கா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்து அழுதேன். பதினோரு மாதமாக அவளுக்கு எதிரே அழக்கூடாது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

மறுநாள் அவள் எழுந்து வரவில்லை. நான் மட்டும் புதுப் பிரதிகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, கீழிருந்து ஜெராக்ஸ் மெஷின் சத்தம். தப்பு என்னுடையது என்று சொல்லி, பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாலு பக்கம் எழுதினேனேம்மா, போஸ்ட்டும் பண்ணிட்டேனே என்றார் வாட்ச்மேன். ஜெயித்த டியூஷன் வாத்தியார்கூட ஜெயித்த மாதிரி இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கைதான். தலைகூடச் சரியாக வாரவில்லை. சிதறிய ஃபாரங்களை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தாள். நான் புதுப் பிரதி ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எனக்கு வேணாம். ராத்திரி பூரா யோசிச்சேன். இதுதான் சரியா இருக்கு” என்றாள்.

வாட்ச்மேன் அவளைப் பார்த்து, அவன் செத்துட்டான் இல்லையாம்மா என்றார், தயங்கித் தயங்கி.

“செத்துட்டான் சார். எங்க வீட்டுக்காரரும் செத்துட்டாரு. முதல்ல செத்தாரு. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒவ்வொரு நாளா வர ஆரம்பிச்சாரு. ஷூ லேஸை முடிச்சுப் போட்டுட்டு அவிழ்க்கத் தெரியாம திட்டினது, லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஒரு குழந்தைக்கு வெளியில நின்னு தாழன் குரல்ல கதை சொன்னது. இருந்தப்போ இதையெல்லாம் யாரு கவனிச்சா? செத்த பக்கத்தைத் தாண்டினப்புறம்தான் எனக்கு அந்தப் பக்கமெல்லாம் கெடைச்சுது.”

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பி அந்த ஃபாரக் கட்டை என் கையில் வைத்தாள்.

“கட்டிக் குடு அக்கா. இருந்தபடியே கட்டு.”

நர்ஸ் தன் பழைய பிரதியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாட்ச்மேன் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் தங்கையின் கட்டைப் பிரித்தேன். கட்டிலுக்கடியில் மடங்கிப் போயிருந்த தாள்களை நீவிவிட்டேன். பத்தொன்பது வரை அடுக்கினேன். அதன்பின் இருபத்தொன்று. அதன்பின் இருபது. முதுகைத் தட்டிச் சமன் செய்து, புது நூல் கோத்துத் தைத்தேன். கறுப்புக் கோடு ஒழுங்காக இறங்கி வந்து, ஓரிடத்தில் ஒரு படி தாண்டிக் குதித்து, ஒரு படி மேலே ஏறி, மறுபடி இறங்கியது.

முதலாளி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. “படி இடறுதே, பாக்கலையா?” என்றார்.

“பாத்துட்டுத்தான் வெச்சேன். தங்கச்சிக்கு” என்றேன்.

அவர் அந்த இடறிய படியின் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினார். பிறகு பசைக்காரரைக் கூப்பிட்டார். பசைக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, நான் பிடித்துக்கொள்ள, முதுகு முழுக்க ஓரம் விடாமல் பசையைத் தடவினார்.