இரண்டாவது டக்

கியரண்ணனுக்குப் பொறாமை பங்காளி மேலும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் மேலும் இல்லை. கட்டிய மனைவி மேல். அதுவும் ஒரு கிழட்டு லாரிக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

மூக்கில்லாத பழைய லாரி அது. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்காது. கேபினுக்கு அடியில், இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஒரு தகர மூடிக்குக் கீழே உறுமிக்கொண்டு கிடக்கும். இந்தக் காலத்து வண்டிகளை ஒற்றை விரலால் திருப்பலாம். இதைத் திருப்பத் தோள் வேண்டும், கியர் போடக் காது வேண்டும். அண்ணனுக்கு இரண்டும் இருந்தன. எஞ்சின் சத்தத்தை வைத்தே, கிளட்சை மிதிக்காமல் கியர் மாற்றுவார். பெயரும் அப்படி வந்ததுதான்.

அந்த நாளில் மனைவி லாரியைச் சப்பைமூக்கி என்பாள். "அந்தச் சப்பைமூக்கியோடவே குடும்பம் நடத்துங்க, வீட்டுக்கு விருந்தாளியா வந்துட்டுப் போங்க" என்று திட்டுவாள். அவருக்கு அது வெல்லமாக இனிக்கும். தனக்காக ஒருத்தி சண்டை பிடிப்பது எந்த ஆம்பிளைக்குக் கசக்கும்?

பிறகு ஒரு நாள், லோடு மேல் நின்று தார்ப்பாய் இழுத்துக் கட்டியபோது கயிறு அறுந்து கீழே விழுந்தார். வலது தோள் போயிற்று. வண்டியை விற்கவும் மனசில்லை, அந்நியன் கையில் கொடுக்கவும் மனசில்லை. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனைவி லாரிக்கான லைசென்சும் எடுத்தாள். "நான் ஏறி உக்கார்ற வரைக்கும்தான்" என்று எல்லோரிடமும் சொன்னார் கியரண்ணன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அந்த மாதம் தள்ளிக்கொண்டே போயிற்று.

அவள் திணறுவாள், தன்னைக் கேட்பாள், தான் பெரிய மனசு பண்ணிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருந்தார். அவளோ முதல் வாரத்திலேயே, "நின்ன இடத்துல திருப்பினாத்தாங்க கனக்குது. கொஞ்சம் உருள விட்டுத் திருப்பினா தன்னால வருது" என்றாள். தோளால் மல்லுக்கட்டியே காலத்தை ஓட்டிவிட்ட மனுஷனுக்கு எப்படி இருக்கும்? வாய்க்குள் மிளகாயை வைத்துக்கொண்டு "ம்" என்றார்.

லோடு ஏற்றுமிடத்தில் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். வண்டி தெருமுனை திரும்பும்போதே "கியரண்ணன் வண்டி வந்தாச்சு" என்று குரல் கொடுத்துக் கேட்டைத் திறக்க வைப்பார். அன்று காலையும் குரல் கொடுத்தார். "கேட்டத் தொறங்கப்பா, அண்ணி வண்டி வந்திருச்சு."

கியரண்ணனுக்குக் காதுக்குள் ஈயம் ஊற்றியதுபோல் ஆயிற்று. இடது சீட்டில் உட்கார்ந்திருந்த அவரை வாட்ச்மேன் பார்த்து, ஒரு பார்சலைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தலையாட்டினார்.

லோடு ஏறி முடிந்ததும் எஞ்சினில் பெல்ட் கீச்சிட்டது. மாற்ற வேண்டுமானால் கேபினையே முன்பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். கவிழ்ப்பதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்தால் அத்தனையும் முன்கண்ணாடியில் போய்க் குவியும். அவள் பிளாஸ்க், தலையணை, சீப்பு, அவருடைய மாத்திரை டப்பா எல்லாவற்றையும் இறக்கி வரிசையாக வைத்தாள். கேபினைக் கவிழ்த்தாள், பெல்ட்டை மாற்றினாள், கேபினைச் சாத்தினாள். இதுவரை கவிழ்ப்பது யாராக இருந்தாலும், சாத்திப் பூட்டுவது கியரண்ணன்தான். இன்று அவர் டீ கிளாசோடு தள்ளி நின்றார். நெஞ்சில் 'அண்ணி வண்டி' ஓடிக்கொண்டிருந்தது.

டக்.

கேபினின் பின்பக்கம் இரண்டு கொக்கிகள். முதல் கொக்கி தானாக விழும். இரண்டாவதற்குப் பூட்டுக் கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். ஆனால் இந்த வண்டியில் கைப்பிடி இறங்கிவிட்டாலும் கொக்கி பிடித்திருக்காது. குதிகாலால் மேலிருந்து ஓர் உதை கொடுத்தால்தான் பிடிக்கும். அது கியரண்ணனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அவர் காதுக்கு ஒரு டக்தான் கேட்டது.

"என்னங்க, சாத்திட்டேன். சரியா இருக்கான்னு பாக்கறீங்களா?"

"நீதான் பெரிய டிரைவராச்சே. என்கிட்ட என்ன கேள்வி?"

அவள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, சாமான்களை உள்ளே ஏற்றினாள். இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு தரம் கேட்டது அவருக்குப் போதவில்லை.

வண்டி ஊரைத் தாண்டியது. முதுகுக்குப் பின்னால் கடகட என்றது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பின்னாடி என்னமோ தட்டுது. லோடுல ஏதோ ஆடுது போல."

"இருக்கும்."

சம ரோட்டில் முதல் கொக்கியே தாங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மலை இறக்கத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். இறங்கி, ஒரே உதை. டக். அவள் வாயைப் பிளக்க வேண்டும். "இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் ஏறி உட்கார வேண்டும். அந்த வசனத்தை இரண்டு மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து பல நாள் ஆகியிருந்தது.

இறக்கம் வருவதற்குள் ஒரு கார் வந்தது. பக்கத்துச் சந்திலிருந்து இடம் வலம் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

கேபினின் பின்பக்கம் எழும்பியது. வானம் போய்விட்டது. கண்ணாடி முழுக்கத் தார் ரோடு. பிளாஸ்க் பறந்துபோய்க் கண்ணாடியில் மோதியது. கேபின் முதல் கொக்கியில் ஒரு கணம் தொங்கி, தொப்பென்று உட்கார்ந்தது. கார்க்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தான்.

அவள் வண்டியை உருள விட்டு ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக் போட மறக்கவில்லை. இறங்கிப் பின்னால் போய்க் கொக்கியைப் பார்த்தாள். கியரண்ணனும் போய் நின்றார்.

"சாத்தினப்போ உங்களுக்கு எத்தனை டக் கேட்டுச்சு?"

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறெதற்கு வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் காதைப் பற்றி அவளிடம் பொய் சொல்ல முடியாது.

"ஒண்ணு."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கத்தவில்லை.

"தன் மூக்கு அறுந்தாலும் பரவால்ல, எதிராளிக்குச் சகுனம் கெடணும்னு சொல்வாங்க. நேர்ல இப்பத்தான் பாக்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்களும்தானே உள்ள உக்காந்திருந்தீங்க?"

கியரண்ணனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. வழி நெடுக அவள் முகம் எப்படி மாறும் என்று யோசித்தாரே ஒழிய, அதே கேபினில் தன் தலையும் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. பொறாமை அவ்வளவு தூரம் கண்ணை மறைத்திருந்தது.

அவள் சாவியை நீட்டினாள். "இதுதானே வேணும்? நீங்களே ஓட்டுங்க."

எத்தனை நாள் கனவு கண்ட சாவி. இடது கையால் கம்பியைப் பிடித்து வலது பக்கம் ஏறினார். சீட் அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைப் பழைய வழக்கப்படி முறுக்கினார். அது அசையவில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை நெருப்பு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் முறுக்கினார். அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினார். பின்னால் போய்க் கைப்பிடியைத் தூக்கிக் கீழே தள்ளி, குதிகாலால் உதைத்தார். டக்.

"மேலேருந்து கீழ உதைக்கணும். கையால அழுத்தினா பிடிக்காது. நீ ஒரு தடவ பண்ணு."

அவள் கொக்கியை விடுவித்து, தானே உதைத்தாள். டக் என்று கேட்டது. தேர்ந்தெடுத்து வைத்திருந்த வசனம் அவர் தொண்டைக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

"தோள் இனிமே சரியாகாது" என்றார் சாவியை நீட்டியபடி. "டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு."

"அதையும் உள்ளயே பூட்டி வச்சிருந்தீங்களா?" என்றாள் அவள். சாவியை வாங்கிக்கொண்டாள்.

மலை இறக்கத்தில் வண்டி ஒழுங்காக இறங்கியது. பின்னால் எதுவும் தட்டவில்லை. கண்ணாடியில் பிளாஸ்க் அடித்த இடத்தில் ஒரு கீறல், அவர் பக்கத்திலிருந்து அவள் பக்கம் வரை ஓடியிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

லோடு இறக்குமிடத்தில் கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். புது ஆள்.

"யார் வண்டிங்க?"

கியரண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அண்ணி வண்டி" என்றார்.

"எந்த அண்ணி?"

"ஓட்டறாங்க பாருங்க, அவங்கதான்."

அவள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது. கியரண்ணனுக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் இருக்கும் எஞ்சின் சூடு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. எஞ்சின் எப்போதோ ஆறிப்போயிருந்தது.