பேட்ரிக்கின் அடுத்த ஷோ

என் புருஷன் பேட்ரிக் ஓவியன். வரைந்து பேர் வாங்கவில்லை, வம்பை விலைக்கு வாங்கித்தான் பேர் வாங்கினான். முதல் கண்காட்சிக்கு ஒரு ஈ காக்காய் வரவில்லை. இரண்டாவதில் பழைய கடைவீடுகளை ஹோட்டலாக்கும் முதலாளிகளை அம்மணமாக வரைந்தான். பத்திரிகையில் படம் வந்தது. மூன்றாவதில் மாதா சொரூபத்துக்கு ஃபேக்டரி யூனிஃபார்ம் மாட்டி, என் முகத்தை வைத்தான். ஜார்ஜ்டவுனே அமளிதுமளிப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது.

எனக்கு என்ன வந்தது? ஆயர் ஈத்தாம் பசாரில் மீன் வாங்க நின்றால் நாலு பேர் என்னைப் படமெடுக்கப் போனைத் தூக்குகிறார்கள். போன வாரம் ஒரு மெசேஜ்: "உன் பிள்ளை எந்த ஸ்கூல்னு தெரியும்." என் மகள் ஷேரனுக்கு ஆறு வயது. மெசேஜை பேட்ரிக்கிடம் காட்டினேன்.

"நல்லதுதான்லா. நம்மளப் பத்திப் பேசுறாங்கல்ல?" என்றான். அடப்பாவி!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சமைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் எட்டாம் மாடி ஃபிளாட்டின் கதவை யாரோ படபடவென்று இடித்தார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மூன்று பேர். முன்னால் எங்கள் சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் மைக்கேல் அண்ணன், முகமெல்லாம் சிவந்து நின்றார். மற்ற இருவரையும் தெரியாது. ஷேரனை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"பேட்ரிக், முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் இந்த வீடு எப்படித் தெரிஞ்சது?"

"நான்தான் அட்ரஸ பேஸ்புக்ல போட்டேன். கோவம் இருந்தா நேர்ல வாங்கன்னு."

திரும்பினேன். போனை எங்கள் மேல் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்னஸ், ஷேரன எறக்கி விடு. கதவுகிட்ட தனியா நிக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? புள்ள நடுங்குதுடா!"

"அதான் வேணும். அந்த மொகம்தான் அடுத்த ஷோ."

கதவு மறுபடி அதிர்ந்தது. ஷேரன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். அவன் இன்னும் ஓரடி கிட்டே வந்தான், போனைத் தாழ்த்தாமல். பத்து வருஷம் குடும்பம் நடத்திய மனிதனைப் பார்த்து அதுவரை எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தேன்.

"அவன் எங்க?" என்று மைக்கேல் அண்ணன் கத்தினார்.

"உள்ளதான் இருக்கான்," என்றேன். "அண்ணே, என்னையும் புள்ளையையும் கீழ வரைக்கும் கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே."