மேட்டில் பதினாறு

“சாவியைக் குடுங்க மாமா. ரோட்டுல நான் ஓட்டிப் பாக்கணும்.”

இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் அண்ணனிடம் எதை வேண்டுமானாலும் கேள், கஸ்டமர் வண்டிச் சாவியை மட்டும் கேட்காதே. பெண் ஓட்டிப் பார்த்த வண்டி என்று பேச்சு கிளம்பினால் ஒருத்தரும் பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள் என்பது மாமாவின் முடிவு. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டமும் அவளுடையதுதான், அதுவும் இயந்திரப் பொறியியலில். அந்தப் பட்டத்தை மாமா கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தார். சுவருக்குக் கிடைத்த மரியாதை அவளுக்குக் கிடைக்கவில்லை.

மாமா திரும்பவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். ஊருக்கே தெரிந்த காது அது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ அந்தக் காதைத் தேடி வந்தார்கள்.

வந்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒன்றரை வருடமாக அந்தக் காதுக்கு முன்பே அவளுடைய மீட்டர் வேலையை முடித்துவிடும். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் அவளே வாங்கிய மீட்டர். புகைக்குழாயில் ஒரு சென்சாரை முடுக்கினால், எஞ்சினுக்குள் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று முள் காட்டும். எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம், பிளக் கரி பிடிக்கும். எண் ஏறினால் காற்று அதிகம், எஞ்சின் கொதிக்கும். காலையில் அவள் முள்ளைப் பார்த்துக் கார்புரேட்டர் திருகைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, மீட்டரைக் கழிவுத் துணிக்கடியில் ஒளித்துவைப்பாள். கஸ்டமர் வந்ததும் மாமா அதே திருகைக் கால் சுற்று வெளியே திருப்பி, கால் சுற்று உள்ளே திருப்பி, பெருமூச்சு விடுவார். முன்பெல்லாம் மாதம் தவறாமல் கரி அடைத்த பிளக்கோடு வந்தவர்கள் இப்போது வருவதில்லை. வயசாக ஆக மாஸ்டருக்குக் காது கூர்மையாகிறது என்று பேசிக்கொண்டார்கள். மாமாவும் மறுக்கவில்லை.

இன்றைக்கு நின்ற வண்டி பல் டாக்டருடையது. அவருடைய அப்பா காலத்துக் கார். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களெல்லாம் வரிசையாக மலை ஏறப் போகின்றன, அதில் இதுவும் ஒன்று. பெட்ரோல் நாற்றம் வருகிறது என்று டாக்டர் போன மாதம் முகம் சுளித்ததால், மாமா கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைக் கழற்றிச் சின்னத் துளை ஜெட்டாகப் போட்டுவிட்டார். வண்டி நின்ற இடத்தில் தாலாட்டுப் போல ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? நின்ற இடத்தில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. மேட்டில் மிதிக்கும்போதுதான் அது வாயைத் திறக்கும். நிற்கிற வண்டியில் காதை வைத்து மலையைக் கேட்டுவிட்டார் மாமா.

அவள் அதைச் சொன்னாள். மாமா ஸ்க்ரூடிரைவரை இறக்கினார். “நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காந்து உன் பொம்மையைப் பாரு. டாக்டர் முன்னாடி வாயைத் திறக்காதே.”

முன் சீட்டில் டாக்டர், பின் சீட்டில் மடியில் மீட்டரோடு அவள். ஊர் எல்லையைத் தாண்டி மேடு தொடங்கியதும் மாமா மிதித்தார். பன்னிரண்டரையில் நிற்க வேண்டிய முள் பதினான்கைத் தாண்டி, பதினைந்தைத் தாண்டி, பதினாறுக்கு மேல் போய் நின்றது. எஞ்சினுக்குள் யாரோ ஆணி போட்ட டப்பாவைக் குலுக்குவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது.

“காலை எடுங்க மாமா.”

டாக்டர் திரும்பி அவள் மடியைப் பார்த்து, அது என்னவென்று கேட்டார்.

“கடிகாரம் டாக்டர்,” என்றார் மாமா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சின்னப் பொண்ணு, எப்பவும் ஒண்ணு கையில வச்சுக்கும்.”

டாக்டர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அது சுத்தமாகத் தப்பு நேரம் காட்டுகிறது, பேட்டரி மாற்றச் சொல்லுங்கள் என்று அக்கறையாகச் சொன்னார்.

ஊருக்கு வெளியே வாகனச் சோதனைத் தளம் ஒன்று இருந்தது. வண்டியை ஓட்டி அளவெடுக்க ஆள் வேண்டுமென்று அவளை அழைத்து, பதில் சொல்ல இன்று வரை தவணை கொடுத்திருந்தார்கள். அண்ணன் மனசு நோகும், நாசூக்காக மறுத்துவிடு என்று அம்மா மூன்று வாரமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். வண்டி இறங்கித் திரும்பிக்கொண்டிருந்தபோதே அவள் பைக்குள்ளிருந்து போனை எடுத்து, நாளை காலை வந்து சேர்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

இருந்தாலும் கொதிக்கப்போகிற எஞ்சினை அப்படியே விட்டுப் போக மனசு வரவில்லை. பட்டறைக்கு வந்ததும் டாக்டரை உதிரிபாகக் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டு, கார்புரேட்டர் மூடியைத் திறந்து பழைய ஜெட்டையே மாட்டினாள். நாற்றத்துக்குக் காரணம் ஜெட்டே இல்லை, பெட்ரோல் குழாய் இணைப்பில் இற்றுப்போன ஒரு வாஷர். அதையும் மாற்றினாள். மறுபடி மூன்று பேரும் மேடு ஏறினார்கள். முள் பன்னிரண்டு புள்ளி ஏழில் ஆணி அடித்ததுபோல் நின்றது. வண்டி சிட்டாய்ப் பறந்தது.

பட்டறையில் இறங்கியதும் டாக்டர் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “காதுன்னா இதுதான் மாஸ்டர். மேட்டுல ஒரு தடவை கேட்டீங்க, வியாதியைப் பிடிச்சுட்டீங்க.”

மாமா அடக்கமாகத் தலையைக் குனிந்தார்.

“காதும் இல்ல, மூக்கும் இல்ல,” என்றாள் அவள். “இந்த மீட்டரைப் பாத்து நான் ஜெட்டை மாத்தினேன். இது கடிகாரம் இல்ல. மாமா போட்ட ஜெட்டோட மலை ஏறியிருந்தீங்கன்னா பிஸ்டன்ல ஓட்டை விழுந்திருக்கும்.”

மாமாவின் முகம் கறுத்தது. டாக்டர் அவளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“உங்க காது அப்படியே மருமகளுக்கும் வந்திருக்கு மாஸ்டர். ரத்தம் இல்லையா?”

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரும் சிரித்தார். எல்லாம் தன் வளர்ப்பு என்றார். அவள் உண்மையை உடைத்துச் சொல்லியும் அது மாமாவின் பெருமையில்தான் போய்ச் சேர்ந்தது. கோபத்தில் காது மடல் சுட்டது. இதற்கு மேல் இங்கே யாரிடம் எதை நிரூபிப்பது?

துணியால் பிடித்துச் சூடான குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றினாள். துளையில் போல்ட் வைத்து இறுக்கினாள். மீட்டரையும் ஒயரையும் சுருட்டிப் பையில் போட்டாள். சுவரில் தொங்கிய பட்டத்தை ஆணியிலிருந்து எடுத்தபோது, கவுன்டரில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“சோதனைத் தளத்துக்கு வரேன்னு சொல்லிட்டேன். நாளைக்குச் சேரணும்.”

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“அங்க ஓட்டறதுக்குத்தாம்மா கூப்பிட்டிருக்காங்க. யாரையும் கேட்டுட்டு ஓட்ட வேண்டாமாம்.”

அம்மா அண்ணனைப் பார்த்தாள். மாமா டாக்டரை வழியனுப்பிக்கொண்டே, அடுத்த வண்டிக்கு மீட்டரை மாட்டச் சொல்லி அவளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் பட்டத்தை இடுக்கிக்கொண்டு அவரைக் கடந்து வெளியே நடந்தாள்.