எலியெத்தின் வாயசைவு

எலியெத் மொர்வானுக்குப் பதினோரு வருடம் பியானோ வாசித்தவன் நான். பாரிஸில் பாதிப் பேர் அவளைப் படத்தில் பார்க்கப் போனார்கள், மீதிப் பேர் பாட்டைக் கேட்க வந்தார்கள். சிகரெட்டில் ஊறிய தாழ்ந்த குரல். ஒரு வரியில் எங்கே மூச்சு விடுவாள் என்பது அவள் கணவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவன் அந்தக் கணவன்தான், டைரக்டர் லூசியான். படப்பிடிப்பு முடிந்திருந்தது. படத்தில் ஒரே ஒரு பாட்டு. எலியெத்தே பாடிப் பதிவு செய்து, அதற்கே வாயசைத்து நடித்திருந்தாள். நாற்பத்தாறு வயதில், பத்து வருடம் காத்திருந்து, சினிமாவில் அவளுக்குக் கிடைத்த முதல் பாட்டு.

ஸ்டூடியோவில் லீல் ஊர்ப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வயது இருபத்திரண்டு, மணி மாதிரிக் குரல்.

"எலியெத் வாய்க்கு இவ குரலைப் பொருத்தணும்," என்றான் லூசியான். "எங்க மூச்சு விடணும்னு நீதாம்பா சொல்லிக் குடுக்கணும்."

"மதாமுக்குத் தெரியுமா?"

"அவளே சம்மதிச்சதுதான். அடுத்த படத்துக்கு நீதான் இசைன்னும் முடிவு பண்ணிட்டேன்."

முதலில் சொன்னது பொய் என்று அப்போதே தெரியும். இரண்டாவது உண்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து எலியெத்தின் ஒவ்வொரு மூச்சையும் அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவள் பாடிப் பதிவு செய்தபோது பியானோவும் நானே வாசித்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தேன், அதையும் சுத்தமாகச் செய்தேன்.

படம் வெளியான அன்று முதல் காட்சியில் எலியெத் லூசியானுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் வாய் திறந்தது, அந்தப் பெண் பாடினாள். அரங்கம் கைதட்டியது. எலியெத்தும் தட்டினாள். வெளியே வந்தபின் கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் எப்பவும் அப்படித்தான், அர்மான்," என்றாள் என்னிடம். "குரல் யாருதுன்னு தெரியல. பியானோ யாருதுன்னு கை வச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

நான் ஏதோ சொல்லப் போனேன்.

"சனிக்கிழமை கச்சேரி. நேரத்துக்கு வந்துடு."

துரத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை வந்ததெல்லாம் படம் பார்த்த கூட்டம். அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். அவள் தன் குரலில் தொடங்கினாள். இரண்டாம் வரியில் மேல்மாடத்திலிருந்து விசில் பறந்தது. எங்கள் ஊரில் விசில் பாராட்டு அல்ல, இறங்கிப் போ என்று அர்த்தம்.

"என்னம்மா, உன் பாட்டை நீயே கெடுக்கிறே? படத்துல பாடுனியே, அப்படிப் பாடு," என்று ஒருவன் கத்தினான். கூடமே சிரித்தது.

எலியெத் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எந்தச் சுருதியில வாசிச்சே?"

சொன்னேன்.

"அதுலயே வாசி."

வாசித்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது முகம்? அவள் மைக்குக்கு முன்னால் நின்று, வாயை மட்டும் அசைத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதல் சரணத்தில் விசில் நின்றது. இரண்டாவதில் சிரிப்பும் நின்றது. கடைசிவரை அந்தக் கூடத்தில் கேட்டது என் பியானோ மட்டும்தான்.